ஒரே எம்எஃப்ஐ, வேறு வேறு குமிழி: உருகிய பாலிமரையும் ரப்பரையும் இழுத்து அளப்பது எப்படி?

மதுரையைச் சுற்றிப் பாலித்தீன் தாள் ஊதும் பட்டறைகளில் அடிக்கடி எழும் சந்தேகம் ஒன்று உண்டு. ஒரு மூட்டை எல்டி (குறை அடர்த்திப் பாலித்தீன்), ஒரு மூட்டை எல்எல் (நேர்ச் சங்கிலிக் குறை அடர்த்திப் பாலித்தீன்). இரண்டின் சான்றிதழிலும் எம்எஃப்ஐ (உருகியபின் எவ்வளவு எளிதாக ஓடும் என்று காட்டும் எண்) 2 என்றே போட்டிருக்கும். எல்டி ஓடும்போது டைக்கு (உருகல் வெளிவரும் அச்சுக்கு) மேலே, காற்றால் ஊதிய குமிழி தூண் மாதிரி நிற்கிறது. எல்எல் மட்டும் போட்டு ஓட்டினால், அதே டையில் அதே காற்று வளையத்தில் குமிழி ஆடுகிறது. தாளின் கனம் ஓரிடத்தில் 40 மைக்ரான், இன்னோரிடத்தில் 60 என்று ஏறி இறங்குகிறது. ஆபரேட்டர் கால் பங்கு எல்டியைக் கலந்து விடுகிறார், குமிழி அடங்குகிறது. கலந்தால் சரியாகும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். ஏன் சரியாகிறது என்பதற்கான பதில் எம்எஃப்ஐ எண்ணுக்குள் இல்லை.

எம்எஃப்ஐ சோதனையில் என்ன நடக்கிறது என்று பார்த்தாலே காரணம் பிடிபடும். 190 °செ வெப்பத்தில், 2.16 கிலோ எடை அழுத்த, 2.095 மி.மீ. விட்டமும் 8 மி.மீ. நீளமும் உள்ள டை வழியாக 10 நிமிடத்தில் எத்தனை கிராம் இறங்குகிறது என்பதே அந்த எண். டையின் சுவரில் ஒட்டிய உருகல் நகராது. நடுவில் இருப்பது வேகமாகப் போகும். அடுக்கின் மேல் அடுக்கு சறுக்கும். இது சறுக்குப் பாய்வு. எம்எஃப்ஐ 1 உள்ள பாலித்தீனுக்குச் சுவரோரச் சறுக்கு வீதம் விநாடிக்கு 2.4 அளவில்தான் வரும். குமிழியிலோ சுவரே கிடையாது. நிப் ரோலர் மேலே இழுக்கிறது, உள்காற்று பக்கவாட்டில் விரிக்கிறது. அங்கே நடப்பது நீட்சிப் பாய்வு.

இரண்டுக்கும் உள்ள தூரத்தை ஒரு கணக்கு காட்டும். உருகலுக்குள் 1 மி.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 1 என்ற வீதத்தில் 5 விநாடி சறுக்கினால் அவை ஏறத்தாழ 5 மி.மீ. விலகும். அதே வீதத்தில் 5 விநாடி நீட்டினால் 148 மி.மீ. விலகும். சறுக்கலில் விலகல் நேரத்தோடு நேர்க்கோட்டில் கூடுகிறது. நீட்சியில் கூட்டு வட்டி போலப் பெருகுகிறது. சறுக்கும்போது பாலிமர்ச் சங்கிலிக்கு உருண்டு தப்ப வழியுண்டு. நீட்டும்போது அந்த வழி இல்லை. சங்கிலி தளரும் வேகத்தைவிட இழுக்கும் வேகம் மிஞ்சினால் அது விரிந்துதான் ஆக வேண்டும்.

எல்டியின் சங்கிலியில் நீண்ட கிளைகள் உண்டு. உயர் அழுத்தத்தில் அது தயாராகும் விதமே அவற்றை உண்டாக்குகிறது. எல்எல்லிலும் கிளைகள் இருந்தாலும் அவை குட்டைக் கிளைகள். பக்கத்துச் சங்கிலிகளோடு சிக்கிக்கொள்ளும் நீளம் அவற்றுக்குக் கிடையாது. நீண்ட கிளைகள் சிக்கிக்கொண்டால், இரண்டு கிளைப் புள்ளிகளுக்கு இடைப்பட்ட துண்டு சுருங்கித் தப்ப முடியாமல் விரிந்துகொண்டே போகும். இழுக்க இழுக்க எதிர்ப்பு கூடும். இதை நீட்சி இறுகல் என்போம். குமிழியில் ஓரிடம் மெலிந்தால் அந்த இடம்தான் அதிகமாக நீளும். அதிகமாக நீண்ட இடம் இறுகும். இழுப்பு பக்கத்திலுள்ள தடித்த இடத்துக்கு நகரும். தாளின் கனம் தன்னைத்தானே சரிசெய்துகொள்வது இப்படித்தான். நேர்ச் சங்கிலி எல்எல்லில் இந்தத் தற்காப்பு இல்லை. மெலிந்த இடம் மேலும் மெலியும்.

புரோட்டாக் கல்லருகே

இதே இயற்பியலைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் தேவையில்லை; மாலையில் மதுரையின் எந்த புரோட்டாக் கடை முன் நின்றாலும் போதும். பிசைந்த மைதா உருண்டையை மாஸ்டர் உடனே வீசுவதில்லை. எண்ணெய் தடவி, ஈரத்துணி மூடி ஊற வைக்கிறார். பிசைந்ததில் மாவுக்குள் தங்கிய இழுவிசை அந்த நேரத்தில் தளர்கிறது. ஊறாத உருண்டையை விரித்தால் அது பின்னுக்குச் சுருங்கும், அல்லது கிழியும். பிறகு எண்ணெய் தடவிய மேசையில் தட்டி, விளிம்பைப் பிடித்து வீசுகிறார். அந்த எண்ணெய்க்கு ருசியைத் தாண்டிய வேலை ஒன்று உண்டு. மாவு மேசையில் ஒட்டினால் அடிப்பக்கம் நின்று மேல்பக்கம் சறுக்கும். எண்ணெய் இருந்தால் முழுக் கனமும் ஒன்றாக நாலாபக்கமும் விரியும். உருகிய பாலிமரை இரு தட்டுகளுக்கு நடுவே எண்ணெய்ப் படலத்தோடு அமுக்கி இருதிசை நீட்சியை அளக்கும் முறை ஆய்வகங்களில் இருக்கிறது. அதன் அடிப்படையும் இதுவே. காகிதம் போல மெலிந்த பின்னும் மாவு கிழியாமல் நிற்பது குளூட்டன் வலையின் நீட்சி இறுகலால். ஊற வைப்பது, எண்ணெய், கிழியாத மெல்லிய தாள் ஆகிய மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால், கீழே வரும் கருவிச் சிக்கல்களில் பாதி ஏற்கெனவே புரிந்த மாதிரி.

இழுத்து அளப்பதை முதலில் ஒழுங்காகச் செய்தவர் ஃபிரெடெரிக் ட்ரூட்டன். 1906-இல் அவர் கீல் (கெட்டித் தார்) போன்ற பொருள்களின் தண்டுகளை எடையால் இழுத்துப் பார்த்து, நீட்சிப் பாகுநிலை (இழுப்புக்குக் காட்டும் எதிர்ப்பு) சறுக்குப் பாகுநிலையைப் போல மூன்று மடங்கு என்று காட்டினார். தண்ணீர், தேன் போன்ற எளிய திரவத்துக்கு ஒருதிசை இழுப்பில் இந்த விகிதம் 3. அகலம் மாறாத தாளாக இழுத்தால் 4. புரோட்டா மாதிரி நாலாபக்கமும் சமமாக விரித்தால் 6. பாலிமர் உருகல் மிக மெதுவாக இழுக்கும்போது மட்டுமே இந்தக் கணக்குக்குக் கட்டுப்படும். வேகம் கூடினால் எல்டியில் அந்த மூன்று முப்பதைத் தாண்டவும் செய்யும். சறுக்கலில் அளந்த எண்ணை மூன்றால் பெருக்கி நீட்சிக்கு வைத்துக்கொள்ள முடியாது. இழுத்துத்தான் அளக்க வேண்டும்.

ட்ரூட்டனின் கீலுக்கு மதுரையில் ஒரு நெருங்கிய உறவு உண்டு. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடான ஜல்லியின் மேல் கழிவுப் பிளாஸ்டிக்கைப் பூசிப் பிறகு தார் சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டவர். 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே அப்படியொரு சாலை போடப்பட்டது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சாலைத் தாரைச் சோதிக்கும் ஆய்வகம் எதிலும் நீள்மைச் சோதனைத் தொட்டி ஒன்று இருக்கும். 27 °செ தண்ணீரில், நடுவே 10 மி.மீ.க்கு 10 மி.மீ. குறுக்குவெட்டுள்ள தார்க்கட்டியை நிமிடத்துக்கு 50 மி.மீ. வேகத்தில் இழுத்து, எத்தனை சென்டிமீட்டரில் இழை அறுகிறது என்று குறிப்பார்கள். இது எளிமையான நீட்சிச் சோதனைதான். இதன் இரண்டு பண்புகளைக் கவனித்தால் பெரிய கருவிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கும்.

ஒன்று, தண்ணீர். இழை தன் எடையால் தொய்ந்து தொட்டியின் அடியைத் தொட்டால் அளவு கெடும். மேலே மிதந்தாலும் கெடும். அதனால் உப்போ ஆல்கஹாலோ சேர்த்துத் தண்ணீரின் அடர்த்தியைத் தாருக்கு இணையாக்குவார்கள். இரண்டு, வேகம். பிடிகள் சீரான வேகத்தில் விலகுகின்றன. இழையோ நீண்டுகொண்டே போகிறது. 30 மி.மீ. நீளத்தில் நிமிடத்துக்கு 50 மி.மீ. என்றால் திரிபு வீதம் (வேகத்தை அப்போதைய நீளத்தால் வகுத்தது) விநாடிக்கு 0.028. அதே இழை 750 மி.மீ. ஆகும்போது வீதம் 0.0011. சோதனை முடிவதற்குள் வீதம் இருபத்தைந்தில் ஒன்றாகச் சரிந்துவிடுகிறது. அப்படி வரும் எண்ணை எந்த வீதத்துக்குரியது என்று சொல்ல முடியாது.

வீதம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் நீளம் அடுக்குக்குறி முறையில் வளர வேண்டும். அதனால்தான் நீட்சியை ஹென்கி திரிபால் சொல்கிறோம்: இப்போதைய நீளத்தை ஆரம்ப நீளத்தால் வகுத்து, இயல் மடக்கை எடுத்தால் கிடைப்பது. ஹென்கி 1 என்றால் 2.7 மடங்கு, 3 என்றால் 20 மடங்கு, 4 என்றால் 55 மடங்கு.

கருவிகளின் வரிசை

யோஆக்கிம் மைஸ்னர் 1969-இல் காட்டிய வழி புத்திசாலித்தனமானது. பிடிகளை விலக்கிக்கொண்டு போகாமல், எண்ணெயில் மிதக்கும் உருகலின் இரு முனைகளிலும் சுழலும் சக்கரப் பிடிகளை வைத்தார். சக்கரம் சீராகச் சுழன்றாலே போதும். நடுவிலுள்ள நீளம் மாறாததால் திரிபு வீதமும் மாறாது. ஹெல்முட் மின்ஸ்டெட் 1979-இல் செங்குத்தாக இழுக்கும் கருவியைச் சிலிக்கோன் எண்ணெய்த் தொட்டிக்குள் வைத்தார். தார்ச் சோதனையின் உப்புத் தண்ணீர் செய்யும் வேலையை அங்கே எண்ணெய் செய்கிறது. 2004-இல் மார்ட்டின் சென்ட்மனாட் விவரித்த இரட்டை உருளைப் பொறி இதையெல்லாம் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கியது. சாதாரணச் சுழல் ரியோமீட்டரின் (பாய்வை அளக்கும் கருவியின்) அடுப்புக்குள்ளேயே அது பொருந்திவிடும். இன்று நீட்சி அளவீடு கல்லூரி ஆய்வகங்கள் வரை வந்ததற்குப் பெரும் காரணம் அந்தப் பொறிதான். இழையின் நடுவிட்டத்தை லேசரால் பார்த்துக்கொண்டே இழுப்பை உடனுக்குடன் திருத்தும் இழைநீட்சி ரியோமீட்டர் துல்லியத்தில் ஒரு படி மேல். அந்த வழியை 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீதர் குழுவினர் வளர்த்தார்கள். உருகலுக்கு ஏற்றபடி அதை ஆக்கியதில் டென்மார்க் ஆய்வாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. விலையும் பயிற்சியும் காரணமாக நம் பக்கம் கைக்கு எட்டுவது இரட்டை உருளைதான் என்பதால் அதையே விரிவாகப் பார்ப்போம்.

பொறியில் இரண்டு சிறு உருளைகள். ஒவ்வொன்றின் ஆரம் சுமார் 5.155 மி.மீ.; மையங்களின் இடைவெளி 12.72 மி.மீ. மோட்டார் ஓர் உருளையைச் சுற்றினால் பல்சக்கரம் மற்றதை எதிர்த்திசையில் சுற்றும். குறுக்கே மாட்டிய பட்டை இரு பக்கமும் சுருண்டுகொண்டே போக, நடுப்பகுதி நீளும். உருளையின் விளிம்பு வேகத்தை இரட்டித்து இடைவெளியால் வகுத்தால் திரிபு வீதம். விநாடிக்கு 1 வேண்டுமென்றால் உருளை நிமிடத்துக்குச் சுமார் 11.8 சுற்று சுற்ற வேண்டும். ஒரு சுற்று முடிவதற்குள் கவ்வி திரும்பி வந்து பட்டையைத் தொட்டுவிடும் என்பதால் ஹென்கி 4-க்கு அருகில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

பட்டைதான் பாதிச் சோதனை

அளவீடு கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் கருவியில் இல்லை, ஹாட் பிரஸ்ஸில் இருக்கிறது. குருணையை இரு டெஃப்ளான் தாள்களுக்கு நடுவே, 0.7 மி.மீ. கனச் சட்டத்தில் போட்டு, எல்டிக்கு 160 முதல் 180 °செ வரை வைத்து, முதலில் அழுத்தமில்லாமல் சில நிமிடம் உருக விட வேண்டும். பிறகு மெல்ல அழுத்தி, இடையில் ஓரிரு முறை அழுத்தத்தை விட்டுக் காற்றை வெளியேற்றி, அழுத்தத்திலேயே ஐந்து நிமிடம் வைத்து மெதுவாக ஆற விட வேண்டும். அவசரத்தில் தண்ணீர் ஊற்றி ஆற்றினால் தாளுக்குள் இழுவிசை உறைந்துவிடும். எக்ஸ்ட்ரூடரில் வந்த தாளை அப்படியே வெட்டி மாட்டுவது இன்னும் மோசம். அது ஏற்கெனவே ஒரு திசையில் இழுபட்ட பொருள். ஊறாத புரோட்டா உருண்டை மாதிரி, அடுப்பில் மாட்டியதும் சுருங்கிக் கவ்வியை இழுக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை முகப்பவுடர் தூவிய தட்டில் வைத்து, சோதனை வெப்பநிலையில் மூன்று நிமிடம் அடுப்பில் விட்டு, நீளத்தையும் அகலத்தையும் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் அந்தத் தாள் வேண்டாம்.

தாளிலிருந்து 18 முதல் 20 மி.மீ. நீளமும் 10 மி.மீ.க்கு மிகாத அகலமும் கொண்ட பட்டைகளை ஒரே வெட்டில் எடுக்க வேண்டும். கத்தரிக்கோல் விளிம்பைப் பிசிறாக்கும். பிசிறில் கிழிசல் தொடங்கும். இரட்டைப் பிளேடு வைத்த வெட்டி நல்லது. கனத்தைத் திருகு அளவியால் ஐந்து இடங்களில் அளந்து எழுதுங்கள். 0.7 மி.மீ. பட்டையில் 0.05 மி.மீ. தவறினால் பாகுநிலையில் 7 சதவீதம் அப்படியே தவறும். பிறகு எந்த மென்பொருளும் அதைத் திருத்தித் தராது. ஐந்து அளவும் 3 சதவீதத்துக்குமேல் வேறுபட்டால் அந்தப் பட்டையை ஒதுக்கிவிடலாம்.

அகலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பட்டை மிக அகலமாகவும் மிக மெல்லியதாகவும் இருந்தால், இழுக்கும்போது அகலம் குறையாமல் கனம் மட்டும் குறையும். அப்போது நீங்கள் அளப்பது ஒருதிசை இழுப்பாக இருக்காது, தாள் இழுப்பாகிவிடும். சரியான ஒருதிசை இழுப்பில் ஹென்கி 2 ஆகும்போது 10 மி.மீ. அகலம் 3.7 மி.மீ. ஆகியிருக்க வேண்டும். அடுப்புக் கண்ணாடி வழியே கைப்பேசிக் கேமராவில் படம் பிடித்து அளந்தாலே இது தெரிந்துவிடும். பட்டையின் மேல் இரண்டு வெள்ளைப் புள்ளிகளும் வைத்துவிட்டால், கவ்வியில் வழுக்கல் இருக்கிறதா, கேட்ட வீதம் உண்மையிலேயே கிடைத்ததா என்பதும் அதே படத்தில் வந்துவிடும்.

மாட்டுவதற்கு அரைமணி நேரம் முன்பே பொறியை அடுப்புக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டும். கதவைத் திறந்து பட்டையை மாட்டி மூடிய பின் வெப்பம் திரும்பி வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இந்த இடத்தில் தவறு செய்யாதவர்கள் குறைவு. காட்சிப் பலகையில் 150 என்று வந்ததும் தொடங்கிவிடுகிறார்கள். அது காற்றின் வெப்பம், பட்டையின் வெப்பம் இல்லை. 150 °செ அருகே எல்டியின் பாகுநிலை ஒரு டிகிரிக்குச் சுமார் 4 சதவீதம் மாறும். ஐந்து டிகிரி குறைவாக இருக்கும்போது இழுத்தால் இருபது சதவீதம் இறுகிய பொருளை அளந்ததாக ஆகும்.

உருகும்போது பட்டை விரிவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எல்டியின் அடர்த்தி அறை வெப்பத்தில் 0.92, 150 °செ-யில் 0.78 அளவு. நீளவாக்கில் மட்டும் ஐந்தரை சதவீதம் கூடுவதால் 12.72 மி.மீ. இடைவெளியில் பட்டை 0.7 மி.மீ. தொய்ந்து தொங்கும். தொய்வோடு தொடங்கினால் முதல் சில புள்ளிகள் வெற்று இழுப்பாகிவிடும். மிக மெதுவாக உருளையைத் திருப்பி, திருப்பு விசை லேசாக எழும் இடத்தில் நிறுத்தி, அது மீண்டும் சுழியத்துக்குத் தளரும் வரை காத்திருந்து தொடங்க வேண்டும். குறுக்குவெட்டும் இதே காரணத்தால் மாறுகிறது: அடர்த்திகளின் விகிதத்தை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தினால் 1.116. 10 மி.மீ.க்கு 0.7 மி.மீ. என்ற 7 சதுர மி.மீ. உண்மையில் 7.8 சதுர மி.மீ. இந்தத் திருத்தத்தை மறந்தால் எல்லா எண்களும் சுமார் 12 சதவீதம் அதிகமாகவே வரும்.

இனி ஒரு முழுக் கணக்கு. வீதம் விநாடிக்கு 1, ஹென்கி 3. குறுக்குவெட்டு இருபதில் ஒன்றாகி 0.39 சதுர மி.மீ. அந்த நேரத்தில் நீட்சிப் பாகுநிலை 5 லட்சம் பாஸ்கல்-விநாடி என்று வைத்துக்கொண்டால் இழுவிசை 0.19 நியூட்டன், இரு உருளைக்கும் சேர்த்துத் திருப்பு விசை 2 மில்லி நியூட்டன்-மீட்டர். எந்த நல்ல ரியோமீட்டரும் இதைச் சிரமமின்றிப் பிடிக்கும். வீதத்தை விநாடிக்கு 0.01 ஆக்கி, பாகுநிலையை 2 லட்சம் என்று வைத்துப் பாருங்கள்: 8 மைக்ரோ நியூட்டன்-மீட்டர். பொறியின் பேரிங்கும் பல்சக்கரமும் தாங்களே உரசிக் கொடுக்கும் விசையோடு இது கலந்துவிடும். அதனால் பட்டை இல்லாமல் அதே வேகத்தில் பொறியை ஒரு முறை ஓட்டி, வரும் உராய்வைப் பதிவு செய்து கழிக்க வேண்டும். பழைய உருகல் ஒட்டிய பேரிங் உராய்வைப் பல மடங்காக்கும். ஒவ்வொரு தொடர் சோதனைக்குப் பிறகும் சூட்டோடு பித்தளைச் சுரண்டியால் துடைத்துவிட வேண்டும். எஃகுக் கத்தி வேண்டாம், உருளையில் கீறல் விழும்.

மறுபக்கம், விநாடிக்கு 10 என்ற வீதத்தில் ஹென்கி 3 வெறும் 0.3 விநாடியில் முடிந்துவிடும். மோட்டார் வேகமெடுக்கும் முதல் சில பத்து மில்லிவிநாடிகளின் எண்களை நம்ப வேண்டாம்.

எல்லாப் பொருளையும் இதில் மாட்ட முடியாது. சுழிய வீதப் பாகுநிலை (மிக மெதுவான பாய்வில் வருவது) சுமார் 10,000 பாஸ்கல்-விநாடிக்குக் கீழே போனால், சூடேறும் இரண்டு நிமிடத்துக்குள்ளேயே பட்டை தன் எடையில் கீழே வழிந்துவிடும். ஊசிவார்ப்புக்கான பிபி (பாலிபுரொப்பிலீன்), பெட் (பாட்டில் பிளாஸ்டிக்) உருகல் போன்றவை இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகும். வெப்பநிலையைக் குறைத்து ஓட்டலாம். ஆனால் படிகமாகத் தொடங்கும் வெப்பநிலைக்கு அருகே போனால் நீட்சியே படிகத்தைத் தூண்டும், அந்த இறுக்கம் கிளையால் வந்ததுபோல் தோற்றம் காட்டும்.

வளைவைப் படிப்பது

நீட்சிச் சோதனை நடத்தும் ஒவ்வொருவரும் அதே நாளில், அதே தாளிலிருந்து எடுத்த வட்டத்தில் அலைவுச் சோதனையும் (தட்டை முன்னும் பின்னும் சிறிதாகத் திருப்பி அளப்பது) செய்ய வேண்டும். 25 மி.மீ. இணைத்தட்டு, 1 மி.மீ. இடைவெளி, விநாடிக்கு 0.01 முதல் 100 ரேடியன் வரை, சில சதவீதத் திரிபு போதும். அதிலிருந்து தளர்வு நிறமாலையை (எந்தெந்த நேரத்தில் எவ்வளவு தளர்கிறது என்ற பட்டியலை) கணக்கிட்டு, நேரத்தோடு வளரும் சறுக்குப் பாகுநிலையை வரைந்து, மூன்றால் பெருக்கினால் கிடைப்பது நேரியல் எல்லைக் கோடு. எந்த வீதத்தில் இழுத்தாலும் ஆரம்பத்தில் நீட்சி வளைவு இந்தக் கோட்டின் மேலேயே ஏற வேண்டும். நீட்சி இறுகல் உள்ள பொருள் ஓரிடத்தில் கோட்டைவிட்டு மேலே பிரியும்.

ஆரம்பமே கோட்டுக்கு மேலே இருந்தால் பட்டை இன்னும் குளிர்ச்சியாக இருந்திருக்கும், அல்லது கனம் குறைவாக எழுதப்பட்டிருக்கும். கீழே இருந்தால் தொய்வு, வழுக்கல், அதிக வெப்பம் ஆகியவற்றைத் தேட வேண்டும். எல்லா வீதங்களும் ஒரே அளவு தள்ளி இருந்தால் பட்டையின் அளவுகளில்தான் பிழை. இந்தக் கோடு இல்லாமல் வெளியிடப்படும் நீட்சித் தரவை நம்பக் காரணமே இல்லை.

வளைவின் முடிவுப் பகுதியில் இன்னொரு கண்ணி உண்டு. எல்எல், ஹெச்டி (உயர் அடர்த்திப் பாலித்தீன்) போன்றவற்றில் ஹென்கி 2-ஐ ஒட்டி வளைவு தலைகவிழும். பொருள் இளகியது என்று அதை எழுதிவிடுவார்கள். உண்மையில் பட்டை ஓரிடத்தில் கழுத்து மெலிந்து, அங்கே மட்டும் நீண்டுகொண்டிருக்கும்; கணக்கோ முழுப் பட்டையும் சீராக நீள்வதாகக் கொண்டிருக்கும். விசை உச்சத்தைத் தாண்டியபின் சீரான நீட்சி நிலைக்காது என்ற கொன்சிதேர் நிபந்தனை இங்கே பொருந்துகிறது. எல்டியிலும் வளைவு உச்சம் தொட்டு இறங்குவது உண்மையா என்ற கேள்வி நீண்ட காலம் இருந்தது. நடுவிட்டத்தைப் பார்த்துத் திருத்தும் இழைநீட்சிக் கருவியில் அந்த உச்சமும் அதன் பின் நிலையான மட்டமும் தெரிந்தன. இரட்டை உருளையில் பட்டை அதற்கு முன்பே அறுந்துவிடும். ஆக, இரட்டை உருளையில் இறங்கு வளைவு வந்தால் முதலில் வீடியோவைப் பாருங்கள்.

ரப்பர் பக்கம்

வெள்ளரிப்பட்டியில் இருசக்கர வாகன டயர்த் தொழிற்சாலை இருப்பதாலும், சுற்றுவட்டாரத்தில் ரப்பர் பாகங்கள் செய்யும் பட்டறைகள் இருப்பதாலும், வேகாத ரப்பரின் இறுக்கத்தைக் காட்டும் மூனி எண் என்பது இங்கே பழகிய சொல். 100 °செ-யில் ஒரு நிமிடம் சூடேற்றி, நான்கு நிமிடம் சுழற்றி அளக்கும் அந்த எண்ணும் சறுக்கலில் பிறந்ததே. இயற்கை ரப்பரும் அதே வேதி அமைப்புள்ள செயற்கைப் பாலிஐசோபிரீனும் மூனியில் ஒன்றாக இருக்கலாம். டயர் கட்டும் டிரம்மில் ஏற்றினால் வேறுபாடு தெரியும். வேகாத (வல்கனைஸ் ஆகாத) டயரை உப்ப வைக்கும்போது காம்பவுண்ட் (கலவை ரப்பர்) ஒட்டு விடாமல், மெலியாமல் நிற்க வேண்டும். அந்தப் பச்சை வலு (வேகாத நிலையின் வலு) இயற்கை ரப்பரில் அதிகம். இழுக்கும்போது சங்கிலிகள் வரிசைப்பட்டுப் படிகமாவதும், சங்கிலி முனைகளில் ஒட்டியுள்ள புரதமும் பாஸ்போலிப்பிடும் உண்டாக்கும் கிளைகளும் அதற்குக் காரணம்.

வேகாத காம்பவுண்டை இரட்டை உருளையில் இழுப்பது எல்டியைவிட எளிது, தொய்வு கிடையாது. ஆனால் கந்தகமும் ஆக்ஸலரேட்டரும் (வேகவைப்பதை விரைவுபடுத்தும் பொருள்) சேர்க்காத மாஸ்டர்பேட்சில்தான் (முதற்கட்டக் கலவையில்தான்) செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடுப்பில் காத்திருக்கும் நேரத்தில் வேகத் தொடங்கும். மிக்ஸிங் மில்லில் எடுத்த தாளுக்கு ஒரு திசை உண்டு. உருளை ஓடிய திசையிலும் குறுக்கிலும் தனித்தனியே பட்டை வெட்டி இரண்டையும் இழுங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் தாளைப் பிரஸ்ஸில் வைத்துத் தளர்த்திவிட்டு மறுபடி வெட்டுங்கள். கார்பன் பிளாக் கலந்த காம்பவுண்டில் ஓய்வு நேரமும் முக்கியம். மில்லிலிருந்து இறங்கிய உடனே அளந்ததும் மறுநாள் அளந்ததும் ஒன்றாக வராது, பிளாக் துகள்களின் வலை நேரம் போகப் போக மறுபடி கட்டிக்கொள்ளும். எல்லா மாதிரிக்கும் ஒரே ஓய்வு நேரம் வைத்து, அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெந்த ரப்பரில் பலரும் செய்வது டம்பெல் (நடுவில் ஒடுங்கிய துண்டு) இழுவைச் சோதனை: 2 மி.மீ. தாள், நிமிடத்துக்கு 500 மி.மீ. வேகம். 33 மி.மீ. நடுப்பகுதி மட்டுமே நீள்வதாகக் கொண்டால் தொடக்க வீதம் விநாடிக்கு 0.25, 500 சதவீதம் நீண்டபோது 0.042. இரண்டு ரப்பரை ஒப்பிட இது போதும். வடிவமைப்புக் கணக்குக்குப் போதாது. முதல் இழுப்பும் இரண்டாம் இழுப்பும் வேறாக வரும் முல்லின்ஸ் விளைவு நிரப்பிகள் உள்ள ரப்பரில் பெரிது. பாகம் பயன்பாட்டில் சந்திக்கும் நீட்சிவரை மூன்று முதல் ஐந்து முறை இழுத்துத் தளர்த்திய பிறகு வரும் வளைவையே எடுக்க வேண்டும். நீட்சியைப் பிடிகளின் விலகலால் அளக்காதீர்கள். ரப்பர் மெலிய மெலியப் பிடிக்குள்ளிருந்து நழுவி வரும். குறியிட்ட 25 மி.மீ. இடைவெளியை எக்ஸ்டென்சோமீட்டர் பின்தொடர வேண்டும். வெட்டும் அச்சில் சிறு பல் விழுந்திருந்தால் எல்லா டம்பெல்லும் ஒரே இடத்தில் அறும். அப்போது ரப்பரைக் குறைசொல்லாமல் அச்சைத் தீட்டுங்கள்.

கணினியில் புஷ், சீல், டயாபிரம் போன்ற ரப்பர் பாகங்களுக்குக் கணக்குப் போடுபவர்களுக்கு இந்த ஒரே வளைவு ஏமாற்றும். ரப்பர் ஆய்வாளர் ட்ரெலோர் 1944-இலேயே ஒரே வல்கனைஸ் ரப்பரை ஒருதிசை இழுப்பு, தாள் இழுப்பு, இருதிசை விரிப்பு மூன்றிலும் சோதித்துக் காட்டினார். தாள் இழுப்புக்கு அகலம் உயரத்தைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும்: 15 மி.மீ. உயரத்துக்கு 150 மி.மீ. அகலம். இருதிசைக்கு வட்டத் தாளைக் காற்றால் குமிழியாக ஊதி, உச்சிப் பகுதியின் வளைவு ஆரத்தையும் குறிக்கோடுகளின் விலகலையும் படத்திலிருந்து எடுக்க வேண்டும். இன்னொன்று, வெப்பநிலை. ரப்பர் இழுத்தால் சூடாகும், 1805-இல் ஜான் காஃப் உதட்டில் வைத்து உணர்ந்த உண்மை. சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத மதுரை அறையில் 38 °செ-யில் இழுத்த இயற்கை ரப்பரில், தர ஆவணம் கேட்கும் 23 அல்லது 27 °செ-யில் வரும் படிகமாதல் அதே நீட்சியில் வராது. மாதிரிகளைக் குறைந்தது சில மணி நேரம் அந்த வெப்பநிலையில் வைத்திருந்து சோதியுங்கள்.

பட்டறைக்கு எட்டும் வழி

சுழல் ரியோமீட்டர் இல்லாத இடத்தில் கேப்பிலரி ரியோமீட்டர் (உருகலைச் சிறு டை வழியே தள்ளி அழுத்தத்தை அளப்பது) இருந்தால் காக்ஸ்வெல் 1972-இல் தந்த வழி கைகொடுக்கும். ஒரே விட்டத்தில் ஒரு நீள டையும் ஒரு வெற்றுத் துளை டையும் வைத்து, ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். அகன்ற பீப்பாயிலிருந்து சிறு துளைக்குள் குவியும்போது உருகல் நீட்டப்படுகிறது. துளை டையில் காட்டும் அழுத்தம் ஏறத்தாழ முழுவதும் அந்த நுழைவுக்கான விலை. அதிலிருந்து நீட்சிப் பாகுநிலையை மதிப்பிடலாம். துளை டையின் வெளிப்பக்கம் நன்றாக விரிந்திருக்க வேண்டும். வெளியேறும் உருகல் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டால் அழுத்தம் பொய்யாக உயரும். கிடைக்கும் எண் தோராயம்தான். இரண்டு குருணைகளில் எது இழுப்புக்கு நிற்கும் என்று வரிசைப்படுத்த அது போதும்.

எல்எல்லில் எவ்வளவு எல்டி கலக்கலாம் என்ற தொடக்கக் கேள்விக்கு, இரட்டை உருளை ஒரு நாள் கிடைத்தாலே விடை காணலாம். எல்டி 0, 10, 20, 30 சதவீதம் என நான்கு கலவைகளை எக்ஸ்ட்ரூடரிலேயே உருக்கிக் கலந்து குருணையாக்கிக்கொள்ளுங்கள். மூட்டையில் கையால் கலந்து பிரஸ்ஸில் போட்டால் பட்டைக்குப் பட்டை எண் மாறும். ஒவ்வொன்றிலும் மூன்று பட்டைகளை 150 °செ-யில், குமிழியின் வீதத்துக்கு அருகில் வரும் 0.1, 1, 10 ஆகிய வீதங்களில் இழுங்கள். ஹென்கி 2.5-இல் நீட்சிப் பாகுநிலையை நேரியல் எல்லைக் கோட்டின் மதிப்பால் வகுத்து எழுதுங்கள். அந்த விகிதம் ஒன்றைவிட்டுத் தெளிவாக எழும் முதல் கலவைதான் குமிழியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச எல்டி. அதற்கு மேல் எல்டி சேர்த்தால் எல்எல்லின் குத்துவலுவை இழப்பீர்கள். மறுசுழற்சிக் குருணை வாங்கும் பட்டறைகள் ஒவ்வொரு லோடுக்கும் இதை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். அந்த மூட்டைக்குள் எவ்வளவு எல்டி ஏற்கெனவே கலந்திருக்கிறது என்பது லோடுக்கு லோடு மாறும்.